ஊர் நம்பர்: வெளிநாட்டுக்குப் போன ஒரு சிம் கார்டின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான திரி. மருத்துவம் குறைவு, வரலாறு ஜாஸ்தி. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

தவளக்குப்பத்தில் கிளினிக் வச்சிருக்கிற எந்த டாக்டரும் பாதி டெலிபோன் ஆபரேட்டர்தான். அரியாங்குப்பம், பூரணாங்குப்பம், அபிஷேகப்பாக்கம், கிருமாம்பாக்கம், பாகூர்னு நாலாப்பக்கமும் இருந்து வர்ற குடும்பங்கள்ல வளைகுடாவிலோ, சிங்கப்பூரிலோ, பிரான்ஸிலோ ஒருத்தராவது இருப்பாங்க. "சார், பையன் லைன்ல இருக்கான், நீங்களே சொல்லிடுங்க"ன்னு போனை நீட்டுவாங்க. லீவு முடிஞ்சு கிளம்புற பையன் மாத்திரைச் சீட்டு வாங்க வரும்போது இன்னொரு கேள்வியும் கேட்பான்: "சார், இந்த ஊர் நம்பரை என்ன பண்றது? வச்சிக்கணுமா, விட்றலாமா?"

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். இதுக்குப் பதில் சொல்ல நூறு வருஷக் கதை சொல்லணும். சொல்லிடுறேன்.

நம்ம ஊருக்கு "வெளிநாடு"ங்கிற சொல்லே கொஞ்சம் விசித்திரமானது. 1954 நவம்பர் 1 வரைக்கும் தவளக்குப்பம், பாகூர், வில்லியனூர் எல்லாம் பிரெஞ்சு ஆட்சி. முள்ளோடை தாண்டி கடலூர் போனா அது வேற தேசம். சுங்கச்சாவடியில் நின்னு பையைத் திறந்து காட்டித்தான் போகணும். அதே நேரத்துல கப்பல் ஏறிச் சைகோன் போனவங்களுக்கு அது "நம்ம" ஆட்சி நடக்கிற ஊர்! அதுக்கும் முந்தின நூற்றாண்டுல கரும்புத் தோட்டத்துக்கு ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போனவங்க எழுதின கடிதம் வந்து சேர வாரக்கணக்கு, மாசக்கணக்கு. பல பேர் எழுதவே இல்லை. எழுதத் தெரியாது, எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு முடிஞ்சப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சிக்கலாம்னு விருப்பம் தெரிவிக்க ஆறு மாசம் அவகாசம் கொடுத்தாங்க. சில ஆயிரம் பேர் அப்படிச் செய்தாங்க. அந்தக் குடும்பங்களைத்தான் நாம இன்னைக்கும் "சொல்தா வீடு"ன்னு சொல்றோம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க, அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க. நம்ம கதைக்கு இவங்க முக்கியம், பிறகு வருவாங்க.

அடுத்து டிரங்க் கால் காலம். பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கணும். சாதாரணம், அவசரம், அதுக்கும் மேல "மின்னல்" கால்னு மூணு விதம். மின்னலுக்குக் காசு பல மடங்கு. வெளிநாட்டுக்குன்னா ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தவங்க உண்டு. அப்போ வெளிநாட்டுல இருந்து வந்த போன்ல பாதி சாவுச் செய்தி. ராத்திரியில போன் அடிச்சா வீட்டுக்காரங்களுக்கு முதல்ல வயிறுதான் கலங்கும். சும்மா நலம் விசாரிக்கிறதுக்கு யாரும் அவ்வளவு காசு போட மாட்டாங்க.

1984-ல் சி-டாட் வந்து, அடுத்த பத்து வருஷத்துல மஞ்சள் போர்டு தெருவுக்குத் தெரு முளைச்சுது: எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன மின்விசிறி (பெரும்பாலும் ஓடாது), தலைக்கு மேல சிவப்பு எண் ஓடுற மீட்டர். பேசறவன் கண்ணு பூராவும் மீட்டர் மேலதான். ராத்திரி ஆக ஆக எஸ்டிடி கட்டணம் குறையும்ங்கறதால பத்து மணிக்கு மேலதான் வரிசை நீளும். தவளக்குப்பத்துக்கு 0413, கொஞ்ச தூரத்துல இருக்கிற கடலூருக்கு 04142. பஸ்ல ஏறி நேர்லயே போய்ச் சொல்லிட்டு வர்ற தூரத்துக்கும் ஒரு கோடு எண்.

வெளிநாட்டு அழைப்பு முழுக்க விஎஸ்என்எல் கையில. 1986-ல் ஆரம்பிச்ச அந்த நிறுவனத்தோட ஏகபோகம் 2002 மார்ச்சோட முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் ஐஎஸ்டி விலை சரிய ஆரம்பிச்சுது. 2005 டிசம்பர்ல சீ-மீ-வீ-4ன்னு ஒரு கடலடிக் கேபிள் முழுசா வேலைக்கு வந்துச்சு. அது கரையேறுற ஊர்ப் பட்டியலைப் பாருங்க: பிரான்ஸ்ல மார்சேய், சவுதியில ஜெத்தா, எமிரேட்ஸ்ல ஃபுஜைரா, அப்புறம் மும்பை, கொழும்பு, சென்னை, மலாக்கா, சிங்கப்பூர்ல துவாஸ். பிழைக்கப் போன தமிழன் போன வழியை அப்படியே வரைஞ்சு வச்ச மாதிரி இருக்கும். கேபிள் போட்டவங்க அதை நினைச்சுப் போடலை. இருந்தாலும் எனக்கு அந்த வரைபடத்தைப் பார்த்தா ஒரு சந்தோஷம்.

இது எல்லாத்துலயும் போன் ஒரு இடத்துல நட்டு வச்ச பொருள். ஆள்தான் போன் இருக்கிற இடத்துக்குப் போகணும். ஆள் எங்க போனாலும் நம்பர் கூடவே வரும்ங்கிற யோசனை நம்மகிட்ட இருந்து வரலை, ஐரோப்பாவுல இருந்து வந்துச்சு. அங்க ரெண்டு மணி நேரம் கார் ஓட்டினா மூணு தேசம் கடந்துடும். ஒவ்வொரு தேசத்துலயும் ஒவ்வொரு மாதிரி கார் போன், ஒண்ணுல வேலை செய்யறது இன்னொண்ணுல செய்யாது. வட ஐரோப்பிய நாடுகள் 1981-ல் என்எம்டி என்ற பொதுவான முறையைக் கொண்டு வந்தாங்க. எல்லை தாண்டியும் பேசலாம். அடுத்த வருஷமே ஐரோப்பா முழுமைக்கும் ஒரே முறை வேணும்னு ஒரு குழு போட்டாங்க. அந்தக் குழுவோட பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம்தான் ஜிஎஸ்எம். (சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைங்க காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.) 1987 செப்டம்பர் 7-ல் கோபன்ஹேகன்ல 13 நாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டாங்க. 1991 ஜூலை 1-ல் பின்லாந்துல முதல் ஜிஎஸ்எம் அழைப்பு. 1992-ல் பின்லாந்து டெலிகாமும் பிரிட்டன் வோடஃபோனும் முதல் ஜிஎஸ்எம் ரோமிங் ஒப்பந்தம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு டாக்டர் பாஷையில சொல்றேன். நம்ம ஊர் நோயாளி ஒருத்தர் துபாய்ல மயங்கி விழுந்து அங்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போறார்னு வச்சிக்கோங்க. அவங்க என்ன பண்ணுவாங்க? "உங்க பேஷன்ட்டா இவர்? ஃபைல் இருக்கா? பில்லுக்கு யார் பொறுப்பு?"ன்னு இங்க விசாரிப்பாங்க. போனும் அதையேதான் பண்ணுது. விமானம் தரை தொட்டதும் போனை ஆன் பண்றீங்க. சிம்முக்குள்ள ஒரு நீளமான எண் இருக்கு, நீங்க டயல் பண்ற நம்பர் இல்லை, அது வேற. அது 404 அல்லது 405-ல ஆரம்பிச்சா இந்தியா. அங்கத்து டவர் அதைப் பார்த்துட்டு உங்க இந்தியக் கம்பெனியோட வீட்டுப் பதிவேட்டைக் கேக்கும். வீட்டுப் பதிவேடு ஒரு புதிர்க் கணக்கு அனுப்பும். சிம்முக்குள்ள இருக்கிற ரகசியச் சாவி அதுக்கு விடை சொல்லும். சாவி வெளியே வராது, விடை மட்டும்தான் வரும். விடை சரியா இருந்தா, "நம்ம பையன்தான், சேர்த்துக்கோங்க. எங்க இருக்கான்னு குறிச்சுக்கிட்டோம்"னு பதில் போகும். இது முடியறதுக்குச் சில நொடி. அப்புறம்தான் "வரவேற்கிறோம்"னு ஒரு எஸ்எம்எஸ்.

இப்ப அம்மா தவளக்குப்பத்துல இருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டா, அழைப்பு முதல்ல இந்தியாவுல இருக்கிற வீட்டுப் பதிவேட்டுக்குப் போய், அங்க இருந்து துபாய்க்குத் திருப்பப்படும். அந்த ரெண்டாவது பாதிக்குக் காசு பையன் தலையில. "எனக்கு வர்ற போனுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?"னு எல்லாரும் கேப்பாங்க. காரணம் இதுதான்: அம்மாவுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாது, அவங்க உள்ளூர் நம்பருக்குத்தான் அடிச்சாங்க. பழைய முறையில, ஒரே கேம்ப்ல ஒரே ரூம்ல மேல் கட்டில், கீழ்க் கட்டில்ல படுத்திருக்கிற ரெண்டு பேர் இந்திய நம்பர்ல இருந்து இந்திய நம்பருக்குப் பேசினா, பேச்சு இந்தியாவுக்கு வந்துட்டு மறுபடி அங்க போகும்!

ஆனா எஸ்எம்எஸ் அப்படி இல்லை. பேச்சுக்குத் தனிப் பாதை. எஸ்எம்எஸ், நெட்வொர்க்குகள் தங்களுக்குள்ள குசுகுசுன்னு தகவல் பரிமாறிக்கிற ஒத்தையடிப் பாதையிலயே வந்துடும். அதனால ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசு இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகம் வச்சிக்கோங்க.

இந்தியாவுக்கு மொபைல் 1995 ஜூலை 31-ல் வந்துச்சு. கல்கத்தாவுல இருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில அமைச்சர் சுக்ராமுக்குப் பேசினார். அப்போ போன் வந்தாலும் காசு, போன் பண்ணாலும் காசு. வர்ற அழைப்புக்குக் கட்டணம் போனது 2003 மே மாசம்தான். அதுக்கப்புறம்தான் மீன்காரம்மா கையிலயும் கொத்தனார் கையிலயும் போன் வந்துச்சு. இந்திய மொபைல் வரலாற்றுல எனக்குப் பெரிய நாள் முதல் அழைப்பு நடந்த நாள் இல்லை, இந்த நாள்தான்.

ரோமிங் கொடுமையை அனுபவிக்க நம்ம ஊர்க்காரன் வெளிநாடே போக வேண்டியதில்லை. மொபைல் லைசென்ஸ் கொடுக்கும்போது நாட்டை வட்டங்களாப் பிரிச்சாங்க. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டம். மாஹே கேரள வட்டம். ஏனாம் ஆந்திர வட்டம். சென்னை கொஞ்ச காலம் தனி வட்டம். ஒரே யூனியன் பிரதேசம், ஒரே சட்டமன்றம். நம்ம ஊர் அரசு ஊழியர் மாஹேவுக்கு மாற்றலாகிப் போனா ரோமிங். 2007-ல் டிராய் உச்சவரம்பு வச்ச பிறகுகூட ரோமிங்ல வர்ற அழைப்புக்கு நிமிஷத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரைக்கும் வாங்கலாம். பிஎஸ்என்எல் 2015 ஜூன் 15-ல் நாடு முழுக்க ரோமிங்ல வர்ற அழைப்பை இலவசமாக்குச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, 2017 ஜூன் 15-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குள்ள ரோமிங் கட்டணத்தை எடுத்துடுச்சு. ரெயூனியன் தீவு இந்தியப் பெருங்கடல்ல இருந்தாலும் அந்தக் கணக்குல ஐரோப்பாதான். ஆக 9,000 கிலோமீட்டர் தள்ளி ரெயூனியன் போற ஜெர்மன்காரனுக்கு வீட்டுக் கட்டணம். நமக்கு அறுநூறு சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாஹேவே வெளியூர்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டுக்குப் போகாமலே வெளிநாட்டு நெட்வொர்க்ல மாட்டறவங்களும் உண்டு. தனுஷ்கோடி முனைக்குப் போனவங்க சொல்வாங்க, போன் தானா இலங்கை டவரைப் பிடிச்சுக்கும்னு. மூணாவது தேசத்துக்குப் போன மாதிரி வரவேற்பு எஸ்எம்எஸ்ஸும் வரும்.

ஆரம்பத்துல வெளிநாட்டு ரோமிங் போஸ்ட்பெய்டு ஆசாமிகளுக்குத்தான். ப்ரீபெய்டுல சிக்கல் என்னன்னா, பையில எவ்வளவு காசு இருக்குன்னு வீட்டுக் கம்பெனிக்குத்தான் தெரியும். துபாய் டவருக்குத் தெரியாது. பேசப் பேச இங்க கேட்டுக் கழிக்க ஒரு ஏற்பாடு வேணும். 1990-களின் பிற்பகுதியில் அதுக்கு ஒரு முறை வந்துச்சு. நீளமான ஆங்கிலப் பெயர், சுருக்கினா "கேமல்". ப்ரீபெய்டு சிம்மைப் பாலைவனத்துல நடக்க வச்சது ஒட்டகம்தான்.

இருந்தும் நம்ம ஆளுங்க ரோமிங்ல பேசினதே இல்லைன்னு சொல்லலாம். நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கேட்டாலே அவங்களுக்கு பி.பி. ஏறிடும். அங்க போனதும் அந்த ஊர் சிம், ஒரு காலிங் கார்டு. ஊருக்கு மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டா "சேர்ந்துட்டேன்", ரெண்டு விட்டா "கூப்பிடு". ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அகராதி. ஊர் சிம் பாஸ்போர்ட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் கவர்ல தூங்கும். அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துப் போட்டுக்குவாங்க. "லைஃப்டைம் வேலிடிட்டி"ன்னு வாங்கின சிம், அது பாட்டுக்குக் கிடக்கும். அதுக்கப்புறம் வாட்ஸ்அப் வந்து, போன்ல வேற சிம் இருந்தாலும் ஊர் நம்பர்லயே பேச வழி பண்ணிக் கொடுத்துச்சு. எமிரேட்ஸ்ல வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் போகும். அங்க வேற செயலி. எப்படியோ பேச்சுப் பிரச்சினை தீர்ந்துபோச்சு. டிரங்க் கால் காலத்து மனுஷன் ஒருத்தர் எழுந்து வந்து பார்த்தா, "இனிமே உங்களுக்கு என்னடா கஷ்டம்?"னு கேப்பார்.

கஷ்டம் வேற வாசல் வழியா வந்துச்சு. 2009 ஆகஸ்ட் 1-ல் இருந்து இணையத்துல கார்டு போட்டு வாங்கறதுக்குக் கார்டு எண் மட்டும் போதாது, கூடுதலா ஒரு சரிபார்ப்பு வேணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்குச்சு. நல்ல விதிதான், நிறைய திருட்டைத் தடுத்திருக்கு. அந்தச் சரிபார்ப்பு நாளடைவுல ஓடிபி ஆச்சு. 2010-ல் ஆதார். 2016-ல் யூபிஐ. 2021-ல் கோவின்ல தடுப்பூசிக்குப் பதியணும்னாலும் ஓடிபி. ஒவ்வொண்ணும் தனித்தனியா முடிவு பண்ணினது. யாரும் கூடி உட்கார்ந்து "இனிமே ஒரு மனுஷனோட வீட்டு விலாசம் அவனோட மொபைல் நம்பர்"னு சட்டம் போடலை. ஆனா அப்படித்தான் ஆகிப்போச்சு. ஒரு காலத்துல பேசறதுக்குக் காசு கொடுத்தோம். இப்ப பேசவே பேசாத ஒரு நம்பரை உயிரோட வச்சிருக்கக் காசு கொடுக்கிறோம்.

என் அனுபவத்துல ஒண்ணு. அறுபத்தெட்டு வயசு அம்மா, சர்க்கரை நோயாளி, குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு முறிவு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். இந்த வயசுல இடுப்பு முறிஞ்சு படுத்த படுக்கையாக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் நிமோனியா, படுக்கைப்புண், கால் ரத்தக்குழாய் அடைப்புன்னு ஆபத்து கூடிக்கிட்டே போகும். பணம் இருந்துச்சு. அந்த அம்மா பேர்லயே வைப்புத்தொகை. ஆனா கணக்கு, ஆதார் எல்லாத்துலயும் இருந்தது பையனோட நம்பர். பதியும்போது அம்மாகிட்ட போன் கிடையாது, லீவுல வந்த பையன் தன் நம்பரைக் கொடுத்துட்டான். பாசத்துல செஞ்ச காரியம். இப்ப பையன் ஷார்ஜாவுல, அந்த சிம் ரீசார்ஜ் இல்லாம செத்துப்போய் மூணு மாசம். ஓடிபி எங்கயோ காத்துல போகுது. கிளைக்கு நேர்ல வரணும்னா அந்த அம்மாவால எழுந்திரிக்க முடியாது. மகள் அன்னைக்கு ராத்திரி நகையை அடகு வச்சாங்க. ஆபரேஷன் நடந்துச்சு, அம்மா இப்ப வாக்கர் பிடிச்சு நடக்கிறாங்க. நகை இல்லாத வீடா இருந்தா?

சரி, சிம் ஏன் செத்துச்சு? அதுக்கும் தேதி இருக்கு. 2013-ல் டிராய் ஒரு விதி கொண்டு வந்துச்சு: 90 நாள் எந்த உபயோகமும் இல்லாம இருந்தாத்தான் ப்ரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம், கணக்குல 20 ரூபாயாவது இருந்தா அதுல கழிச்சுக்கிட்டு நம்பரை வச்சிருக்கணும். வெளிநாட்டுக்காரங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனா 2018 கடைசியில பெரிய கம்பெனிகள் 28 நாளைக்குக் குறைஞ்சது 35 ரூபாய் ரீசார்ஜ்னு ஆரம்பிச்சாங்க. லைஃப்டைம்ங்கிற சொல்லோட ஆயுசு முடிஞ்சுது. அந்தக் குறைந்தபட்சம் அதுக்கப்புறம் ஏறிக்கிட்டேதான் போகுது.

அதே 2018 பிப்ரவரியில இன்னொரு அடி: ஏர்செல். 1999-ல் தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச கம்பெனி, நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம்மாவது இருந்த காலம் உண்டு. திடீர்னு சிக்னல் காணோம். மாசக் கடைசியில திவால் மனு. நம்பரை வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம், அந்த வசதி 2011 ஜனவரியில இருந்தே இருக்கு. ஆனா அதுக்கு ஏர்செல் சிம்முல இருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, திரும்பி வர்ற குறியீட்டை வாங்கணும். சிக்னலே இல்லாத சிம்முல எஸ்எம்எஸ் எங்க போகும்? கடைகள் முன்னாடி கூட்டம் நின்னது ஞாபகம் இருக்கும். ஊர்ல இருந்தவங்க அடிச்சுப் பிடிச்சு எப்படியோ மாத்திக்கிட்டாங்க. குவைத்துலயும் மலேசியாவுலயும் இருந்தவங்க வந்து கடையில நின்னு கைரேகை வைக்கணுமே? பத்து வருஷ நம்பர், அதோட கட்டியிருந்த வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் எல்லாம் அந்தரத்துல தொங்கிச்சு.

துண்டிச்ச நம்பர் சும்மா கிடக்காது. 90 நாளாவது ஆறப்போட்டுட்டு வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க. இதுல எந்தத் தப்பும் இல்லை, பத்து இலக்க எண்கள் வற்றாத ஊற்று இல்லை. ஆனா டாக்டரா எனக்கு இதுதான் பயம். உங்க அம்மாவோட ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் தேதி, சில சமயம் ரொம்ப அந்தரங்கமான ரிசல்ட் எல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தர் போனுக்குப் போகும். துண்டிக்கப்பட்ட எண்களோட பட்டியலை டிராய் வெளியிடுது. வங்கிகளும் மத்தவங்களும் பார்த்துச் சுத்தம் பண்ணிக்கணும். எத்தனை லேப், எத்தனை நர்சிங் ஹோம் அதைப் பார்க்குதுன்னு கேட்காதீங்க.

இப்ப சொல்தா வீட்டுக்கு வருவோம். 2023 ஜனவரியில என்பிசிஐ ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு: பத்து நாட்டு மொபைல் நம்பர்களை வச்சே வெளிநாடு வாழ் இந்தியர்கள் தங்கள் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குல யூபிஐ பயன்படுத்தலாம். சிங்கப்பூர், எமிரேட்ஸ், சவுதி, ஓமன், கத்தார், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங். பிரான்ஸ் இல்லை! மலேசியாவும் இல்லை. நம்ம புதுச்சேரிக்குப் பிரான்ஸ் எவ்வளவு பக்கம்னு பட்டியல் போட்டவங்களுக்குத் தெரியலை. (அந்த ரெண்டும் பிற்பாடு சேர்ந்துச்சு. குவைத்காரங்க முதல் பட்டியல்லயும் இல்லை.) நடுவுல 2024 பிப்ரவரி 2-ல் பாரிஸ் இந்தியத் தூதரகம் விழா வச்சு, ஈஃபில் கோபுரத்துல யூபிஐ ஆரம்பிச்சாங்க. அன்னைய நிலவரம் என்னன்னா, தவளக்குப்பத்துல இருந்து சுற்றுலா போறவர் கோபுரத்துல ஸ்கேன் பண்ணி டிக்கெட் வாங்கலாம். பாரிஸ்லயே குடியிருக்கிற அவரோட மச்சான், பிரெஞ்சு நம்பரை வச்சு ஊர்ல அம்மாவுக்கு மருந்துக் கடையில யூபிஐ போட முடியாது.

இதுக்கு நேர் எதிரானதும் நம்ம ஊர்லதான் பார்க்கலாம். பிரான்ஸ் பென்ஷன் வாங்கிக்கிட்டு இங்க வந்து தங்கிட்ட பெரியவங்க சிலர்கிட்ட ரெண்டாவது போன் ஒண்ணு இருக்கும், சட்டைப் பையில இல்லை, அலமாரியில. அதுல 33-ல ஆரம்பிக்கிற பிரெஞ்சு நம்பர். ஐரோப்பாவிலயும் 2019 செப்டம்பர் 14-ல் இருந்து வங்கிகளுக்குக் கடுமையான ரெட்டைச் சரிபார்ப்பு விதி. அங்க வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கவே எஸ்எம்எஸ் வரணும், இல்லேன்னா செயலி. பிரான்ஸ்ல 2012-ல் மாசம் 2 யூரோவுக்கு ஒரு பிளான் வந்துச்சு. நம்ம பையன் ஷார்ஜாவுல ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கிட்டு இருக்கிற அதே நேரத்துல, இங்க ஒரு தாத்தா தன்னோட "ஊர் நம்பருக்கு" யூரோ கட்டிக்கிட்டு இருக்கார். யாருக்கு எது வெளிநாடு?

கடைசியா வந்த சேதி. 2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டுது: எந்த நம்பர்ல வாட்ஸ்அப், டெலிகிராம் மாதிரிச் செயலிகளை ஆரம்பிச்சீங்களோ அந்த சிம் போனுக்குள்ளேயே இருந்தாத்தான் செயலி ஓடணும், 90 நாள் அவகாசம். வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு இந்திய நம்பர்ல போலீஸ் வேஷம் போட்டு ஏமாத்தற "டிஜிட்டல் அரெஸ்ட்" கூட்டத்தைப் பிடிக்கத்தான். அந்த மோசடியில சேமிப்பைத் தொலைச்ச பெரியவங்களை நானும் பார்த்திருக்கேன், கோபம் நியாயம். ஆனா அந்த வலையில சிக்கப்போற மீன்கள்ல பாதி, சிம்மைப் பாஸ்போர்ட் கவர்ல வச்சிக்கிட்டு ஊர் நம்பர்ல வாட்ஸ்அப் வச்சிருக்கிற நம்ம பசங்கதான். உத்தரவு போடற இடத்துல இவங்களை ஒருத்தராவது நினைச்சுப் பார்த்தாங்களான்னு எனக்கு வருத்தம் உண்டு.

ஆக, கிளம்புற பையனுக்கு நான் சொல்றது இதுதான். நம்பரை விடாதே. ரெண்டு சிம் போடற போனா எடுத்துக்கோ. கிளம்பறதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணு. எஸ்எம்எஸ் வர்றதுக்கு என்ன ரீசார்ஜ் வேணும்னு உன் கம்பெனிகிட்ட கேட்டுக்கோ, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் பண்ணிடு, இல்லேன்னா நீ தூங்கும்போது போன் உனக்குத் தெரியாம பில் ஏத்தும். யூபிஐ செயலியை இங்கயே போட்டுப் பார்த்துட்டுப் போ. அது முதல்ல உன் சிம்முல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உன்னை அடையாளம் கண்டுக்கும். பழைய பட்டன் போனை நம்பி அப்பாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போகாதே, அங்க 2ஜி 2017 ஏப்ரல்லயே நின்னுபோச்சு, 3ஜியும் 2024-ல் போயிடுச்சு.

அவசரம்னா 112. சிம் உள்ளே இருந்தா, பேலன்ஸ் இல்லேன்னாலும், ரோமிங் இல்லேன்னாலும், அங்க கிடைக்கிற ஏதோ ஒரு டவர் வழியா போகும்படிதான் ஜிஎஸ்எம் விதி. ஆம்புலன்ஸுக்குத் தனியா: எமிரேட்ஸ்ல 998, சவுதியில 997, சிங்கப்பூர்ல 995, பிரான்ஸ்ல 15. இதை எழுதி பர்ஸ்ல வை. போன் உடைஞ்சா பர்ஸ் இருக்கும்.

அப்புறம், கிளம்பறதுக்கு முந்தின நாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் ஒரு நடை போ. அம்மாவோட காரியங்களுக்கு அம்மாவோட நம்பர். அவங்களுக்கு ஓடிபி படிக்கத் தெரியாதுன்னு சொல்லாதே. நாலு வேளை மாத்திரையைக் கலர் பார்த்துப் பிரிச்சுப் போடறவங்களுக்கு ஆறு இலக்கம் படிக்கத் தெரியும், ஒரு வாரம் சொல்லிக் கொடு.

எங்க கிளினிக் ஓபி சீட்டுல இப்ப போன் நம்பருக்கு ரெண்டு கட்டம் போட்டிருக்கோம். முதல் கட்டத்துல நம்பர். ரெண்டாவது கட்டத்துல, "இந்த சிம் இப்ப எந்த ஊர்ல இருக்கு?" நேத்து ஒரு பாட்டி யோசிக்காம சொன்னாங்க: "பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில."